சுவரை அறிந்து பெட்டியைத் தேர்க: கடை, அலுவலகக் கட்டடங்களில் சாக்கெட் பெட்டிகள்

புதிதாக ஒரு கடையோ மருத்துவமனையோ அலுவலகமோ தொடங்கக் கடன் பெறும் வாடிக்கையாளர், உள்வேலைக்கான மதிப்பீடு கைக்கு வந்ததும் முதலில் தரையைப் பார்க்கிறார். பிறகு கூரை, விளக்குகள், பெயர்ப்பலகை ஆகியவற்றைப் பார்க்கிறார். மின்வேலை என்ற தலைப்பின்கீழ் 'ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு' என்று ஒரே வரிதான் இருக்கும். அந்த வரிக்குள் கம்பி, குழாய், சுவிட்சு, சாக்கெட், கூலி எல்லாம் அடங்கிவிடுகின்றன. அவற்றோடு மிகக் குறைந்த விலையுள்ள பொருள் ஒன்றும் அடங்கியிருக்கிறது. சுவருக்குள் புதைந்து, பூச்சுக்குப் பின் யார் கண்ணிலும் படாமல் போகும் சாக்கெட் பெட்டிதான் அது. மின்பணியாளர்கள் இதனை 'கன்சீல்டு பாக்ஸ்' என்றோ 'மெட்டல் பாக்ஸ்' என்றோ அழைப்பர்.

விலை குறைவு என்பதற்காக இதனைச் சிறிய பொருள் என்று தள்ளிவிட இயலாது. சாக்கெட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பெட்டியை மாற்ற வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டும். ஆகவே, எந்தச் சுவருக்கு எந்தப் பெட்டி என்பதைக் கட்டட உரிமையாளரும் வாடகைதாரரும் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம். மின்பணியைச் செய்வதற்கு உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சரியான வினாக்களை எழுப்புவதற்கான பாடமே இக்கட்டுரை.

பெட்டியின் நான்கு வேலைகள்

முதலாவதாக, சாக்கெட்டை அசையாமல் தாங்குவது. ஒரு நாளைக்குப் பலமுறை பிளக்கைச் செருகி இழுக்கும் கடைகளில் இந்த இழுவிசை முழுவதும் பெட்டியின்மீதே விழுகிறது. இரண்டாவதாக, கம்பிகள் நெருக்கப்படாமல் வளைந்து நிற்க இடம் தருவது. மூன்றாவதாக, மின்சாரம் பாயும் பகுதிகளைக் கைபடாமல் மூடி வைப்பது. நான்காவதாக, உள்ளே ஏதேனும் சூடேறினாலோ பொறி எழுந்தாலோ அதனைச் சுவரின் பிற பகுதிகளுக்குப் பரவவிடாமல் அடக்குவது.

நான்காவது வேலையைச் சற்று விரித்துக் கூற வேண்டும். நமது நாட்டில் ஐ.எஸ். 1293 தரப்படி 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என இருவகை சாக்கெட்டுகள் வழக்கில் உள்ளன. 230 வோல்ட்டில் முதலாவது 1,380 வாட் வரையிலும், இரண்டாவது 3,680 வாட் வரையிலும் தாங்கும். 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்றில் திருகு சற்றே தளர்ந்து, இணைப்பில் பத்தில் ஒரு பங்கு ஓம் அளவுக்குத் தடை ஏற்பட்டுவிட்டதாகக் கொள்வோம். மின்னோட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, வந்ததைத் தடையால் பெருக்கினால் வெப்பம் கிடைக்கும்: 16 × 16 × 0.1 = 25.6 வாட். மின்னணுப் பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கக் கையாளும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட் கொண்டது. அத்தகைய கருவி ஒன்று உங்கள் சுவருக்குள் நாள் முழுவதும் எரிந்துகொண்டிருப்பதற்கு இது ஒப்பாகும்.

இந்நிலையில் எம்.சி.பி. விழாது. ஏனெனில் ஓடும் மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சவில்லை. கசிவைக் கண்டறியும் ஆர்.சி.சி.பி.யும் விழாது. ஏனெனில் கசிவு எதுவும் இல்லை. அவ்வேளையில் வெப்பத்துக்கும் சுவருக்கும் இடையே நிற்பது பெட்டி ஒன்றே. சுவர் செங்கல்லானால் பெரும்பாலும் கருகிய சாக்கெட்டோடு தொல்லை முடியலாம். சுவர் பிளைவுட்டானால் அவ்வாறு முடியும் என்று நம்பியிருக்க முடியாது.

செங்கல் சுவர்

செங்கல் சுவர் மின்பணிக்கு மிகவும் இணக்கமானது. காடி வெட்டி, குழாயையும் பெட்டியையும் பதித்து, சிமெண்ட் கலவையால் இறுக்கிப் பூசினால் பல்லாண்டுகள் அசையாது. துத்தநாகம் பூசிய இரும்புப் பெட்டி இதற்கு ஏற்றது. ஆனால் சுவரின் கனத்தைப் பார்க்காமல் வெட்டலாகாது.

சுமை தாங்கும் செங்கல் சுவரில் செங்குத்துக் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும், கிடைக் காடி ஆறில் ஒரு பங்குக்கும் மேற்படக் கூடாது என்பது கட்டுமானத் துறையில் பின்பற்றப்படும் விதி. ஒன்பது அங்குலச் சுவர் ஏறத்தாழ 230 மி.மீ. கனமுடையது. அதில் 76 மி.மீ. ஆழம்வரை செங்குத்தாக வெட்டலாம் என்பதால் பெட்டிக்கு இடர் இல்லை. கிடையாக வெட்டுவதானால் 38 மி.மீ. தான். ஆகவே குழாயை மேலிருந்து கீழாக இறக்குவதே முறை. சுவர் நெடுகக் கிடையாக இழுப்பது முறையன்று.

நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் சுமை தாங்குவதில்லை எனினும் அதே அளவுகோலை அங்கும் கைக்கொள்வது நன்று. அதன் கனம் ஏறத்தாழ 115 மி.மீ.; மூன்றில் ஒரு பங்கு 38 மி.மீ. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பெட்டியின் ஆழம் ஏறத்தாழ 50 மி.மீ. பூச்சின் கனம் 12 மி.மீ. எனில், செங்கல்லுக்குள் செல்வது 38 மி.மீ. கணக்குச் சரியாக ஒத்துவருகிறது. ஆனால் மறுபக்கத்து அறைக்காரர் அதே இடத்தில் இன்னொரு பெட்டியைப் பதித்தால், நடுவில் எஞ்சும் செங்கல் 39 மி.மீ. மட்டுமே. உளியின் அடியில் அது உடைந்து இரண்டு பெட்டிகளும் ஒன்றாகிவிடும். பின்னர் ஓர் அறையின் பேச்சு மற்ற அறையில் கேட்கும், புகையும் கடக்கும். ஆகவே நாலரை அங்குலச் சுவரில் இருபுறப் பெட்டிகளும் முதுகோடு முதுகு சேராமல் தள்ளித் தள்ளியே அமைய வேண்டும்.

ஏ.ஏ.சி. பிளாக், ஹாலோ பிளாக் சுவர்கள்

அண்மைக்கால வணிகக் கட்டடங்களில் உட்சுவர்கள் பலவும் ஏ.ஏ.சி. பிளாக்கால் எழுப்பப்படுகின்றன. காற்றுக் குமிழிகள் நிறைந்த இந்த பிளாக் செங்கல்லைவிட மிக இலேசானது, மென்மையானதும்கூட. உளியும் சுத்தியும் கொண்டு அடித்தால், வெட்டிய இடம் மட்டுமன்றிச் சுற்றுப்புறமும் அதிர்ந்து விரிசல் காணும். வெட்டும் இயந்திரத்தால் இருபுறமும் கோடு கிழித்து, நடுப்பகுதியைக் காடிக் கருவியால் சுரண்டி எடுப்பதே சரி.

இச்சுவரில் இரும்புப் பெட்டி, பி.வி.சி. பெட்டி இரண்டும் பொருந்தும். முக்கியமானது பிடிமானமே. ஏ.ஏ.சி. பிளாக் நீரை விரைந்து உறிஞ்சும். ஈரப்படுத்தாமல் வெறும் சிமெண்ட் கலவையை வைத்தால், கலவை இறுகும் முன்பே அதன் நீரைச் சுவர் குடித்துவிடும். சில மாதங்களில் பெட்டி ஆடத் தொடங்கும். பாலிமர் கலந்த சாந்தினைப் பயன்படுத்திப் பெட்டியின் முதுகும் நான்கு பக்கங்களும் முழுவதும் நிரம்புமாறு பதிக்க வேண்டும். காடியின்மேல் கண்ணாடியிழை வலையை இருபுறமும் சற்று அகலமாக ஒட்டிய பின்னரே பூச வேண்டும். இல்லையேல் குழாய் செல்லும் வழியெங்கும் நேர்கோட்டில் விரிசல் தோன்றும்.

ஹாலோ பிளாக்கின் நிலைமை வேறு. அதன் முகப்பை உடைத்தவுடன் உள்ளே வெற்றிடம். பெட்டிக்கு முதுகுத் தாங்கல் கிடையாது. வெற்றிடத்தைக் கலவையால் நிரப்பி, அது இறுகிய பின்னரே பெட்டியை அமர்த்த வேண்டும். அவசரத்தில் கிழிந்த சிமெண்ட் சாக்கையும் செங்கல் துண்டுகளையும் உள்ளே திணித்து மேலே மெழுகிவிடும் பழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. அதனை அனுமதிக்கலாகாது.

கான்கிரீட் சுவரும் தூணும்

கான்கிரீட்டைப் பொறுத்தவரை தேர்வு என்பது பெட்டியைப் பற்றியது மட்டுமன்று, காலத்தைப் பற்றியதுமாகும். சென்ட்ரிங் அடைக்கும் முன்பே பெட்டியைக் கம்பிகளுடன் அசையாமல் கட்டிவிட வேண்டும். பெட்டிக்குள் தெர்மாகோலை நிரப்பி, வாயை ஒட்டுநாடாவால் மூடினால் சிமெண்ட் பால் உள்ளே புகாது. கான்கிரீட்டை இறுக்கும் அதிர்வுக் கருவியின் ஆட்டத்தைத் தாங்கும் வலுவான பெட்டியாக இருப்பது இன்றியமையாதது. வாய் பலகையோடு ஒட்டி நிற்கவில்லையெனில், பலகையைப் பிரித்த பின் பெட்டி எங்கே இருக்கிறது என்று சுவரைத் தட்டித் தேடும்படி ஆகும்.

அந்தக் காலம் கடந்துவிட்டால், கான்கிரீட் சுவரிலும் தூணிலும் விட்டத்திலும் காடி வெட்டுவதை மறந்துவிட வேண்டும். கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டே அதனைத் துருவிலிருந்தும் நெருப்பிலிருந்தும் காக்கும் கவசம். ஒரு சாக்கெட்டுக்காக அக்கவசத்தைப் பெயர்ப்பதும் கம்பியை அறுப்பதும், மேல் மாடிகளில் இருக்கும் அனைவருடைய பாதுகாப்பிலும் கை வைப்பதாகும். இங்கே சுவரின் மேற்பரப்பில் அமர்த்தும் பெட்டியும் டிரங்கிங்கும்தான் விடை. அழகு குறைகிறதே என்று தயங்க வேண்டியதில்லை. நேர்த்தியாக அமைத்த மேற்பரப்புப் பெட்டி பார்வைக்கு உறுத்தாது. மேலும், வாடகை இடமானால் காலி செய்யும் நாளில் கழற்றி எடுத்துச் செல்லவும் முடியும்.

ஜிப்சம் போர்டு தடுப்பு

அலுவலகங்களில் இன்று மிகுதியாகக் காணப்படுவதும், மிகுதியாகத் தவறு நேர்வதும் இந்தச் சுவரில்தான். துத்தநாகம் பூசிய தகட்டால் ஆன ஸ்டட் சட்டங்களை நிறுத்தி, இருபுறமும் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டைத் திருகுவது வழக்கம். உள்ளே வெற்றிடம். செங்கல் சுவருக்கான பெட்டியை இதில் ஓட்டை போட்டுச் செருகினால், அதனைத் தாங்க எதுவும் இல்லை. போர்டில் நேரடியாகத் திருகினாலும் சில மாதங்களில் திருகின் வாய் மாவாக உதிரும். பிளக்கை இழுக்கும்போது சாக்கெட்டும் சேர்ந்து கையோடு வந்துவிடும் காட்சியைப் பல அலுவலகங்களில் காணலாம்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. போர்டை அடைக்கும் முன்பாயின், இரு ஸ்டட்களுக்கு இடையே குறுக்காகத் தகட்டுப் பட்டை ஒன்றைப் பொருத்தி, அதில் பெட்டியைத் திருகி நிறுத்துவது சிறந்த வழி. போர்டு அடைத்த பின்பாயின், வெற்றுச் சுவருக்கென்றே செய்யப்பட்ட பெட்டியை வாங்க வேண்டும். அதன் பக்கங்களில் உள்ள கொக்கிகள், திருகை முடுக்கும்போது விரிந்து போர்டின் பின்புறத்தைக் கவ்விக்கொள்ளும். அடிக்கடி பயன்படும் 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு முதல் வழியே உகந்தது.

ஸ்டட்டில் குழாயோ கம்பியோ கடக்கும் துளையின் விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வளையம் பொருத்தாவிட்டால், கம்பியின் உறை நாளடைவில் அறுந்து சட்டம் முழுவதும் மின்சாரம் பாயக்கூடும். எலியும் இவ்வெற்றிடத்தை விரும்பும். ஆகவே கம்பிகள் குழாய்க்குள்ளேயே செல்ல வேண்டும். பெட்டியில் பயன்படாத துளைகள் மூடியே இருக்க வேண்டும்.

தீத்தடுப்புச் சுவராக அமைக்கப்பட்ட ஜிப்சம் தடுப்பில் கூடுதல் கவனம் தேவை. ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 21 விழுக்காடு, வேதிப்பிணைப்பில் உள்ள நீர். நெருப்பின்போது அந்நீர் ஆவியாகி வெளியேறும் வரை சுவரின் மறுபுறம் அதிகம் சூடேறாது. உள்ளிருப்போர் வெளியேற நேரம் கிடைக்கிறது. பெட்டிக்காக வெட்டிய இடத்தில் அந்த ஜிப்சமே இல்லை என்பதை நினைவிற்கொள்க. அங்கே, சூட்டில் உப்பி இடைவெளியை அடைக்கும் தீத்தடுப்புப் பூசணையைப் பெட்டியைச் சுற்றி ஒட்ட வேண்டும். இருபுறப் பெட்டிகளும் ஒரே ஸ்டட் இடைவெளிக்குள் அமையக் கூடாது. கணக்கும் இதையே சொல்கிறது. 50 மி.மீ. பெட்டியில் போர்டின் கனம் போக 37.5 மி.மீ. உள்ளே நீளும், எதிரெதிரே இரண்டு வைத்தால் 75 மி.மீ. வேண்டும். வழக்கமான 50 மி.மீ. ஸ்டட்டிலும் 70 மி.மீ. ஸ்டட்டிலும் அவ்வளவு இடம் இல்லை.

மரம், பிளைவுட், கண்ணாடி

மரத் தடுப்பும் பிளைவுட் பலகையும் எரியும் பொருள்கள். இவற்றில் சாக்கெட்டை வெறும் ஓட்டையில் பொருத்திவிட்டு, முதுகுப்புறத்தைத் திறந்தே விடுவது காட்சி அலமாரிகளிலும் பணமேசைகளிலும் பரவலாக நடக்கும் பிழை. நாம் மேலே கணக்கிட்ட 25.6 வாட் வெப்பம் இங்கேதான் பேரிடராக மாறும். ஆறு பக்கமும் மூடிய இரும்புப் பெட்டியே இங்கு உரியது. அது எர்த் கம்பியுடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். கண்ணாடித் தடுப்பில் பெட்டிக்கே இடமில்லை. தரைக்குள் பதிக்கும் மூடியுள்ள பெட்டியையோ, மேசையோடு இணைந்த பெட்டியையோ நாட வேண்டும். தரைப் பெட்டியானால், கழுவும் நீர் இறங்காத மூடி உள்ளதா என்று கேட்டு வாங்குக.

டைல், கிரானைட் ஒட்டிய சுவர்

இங்கே வரும் தவறு ஒன்றே ஒன்று. ஆனால் அது மிகவும் பரவலானது. கொத்தனார் பூசும் நாளில் பெட்டியின் வாய் பூச்சு மட்டத்தில் இருக்கிறது. பின்னர் அதன்மேல் டைலும் அதன் பசையும் ஏறுகின்றன. பெட்டி உள்ளே போய்விடுகிறது. மின்பணியாளர் நீளமான திருகு வாங்கி சாக்கெட்டை இழுத்துக் கட்டுகிறார். முன்னால் பார்த்தால் அழகாக இருக்கிறது. பின்னால் சாக்கெட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே நாற்புறமும் இடைவெளி. அடைக்கும் வேலையைப் பெட்டி இழந்துவிட்டது. பெட்டியின் வாய் இறுதி மேற்பரப்போடு சமமாக இருக்க வேண்டும் என்பதே விதி. ஆகவே பெட்டி பதிக்கும் முன்பே டைலின் கனத்தையும் பசையின் கனத்தையும் கூட்டிச் சொல்லிவிடுங்கள். உள்ளே போய்விட்ட பெட்டிக்கு நீட்டிப்பு வளையம் பொருத்துவதே பரிகாரம். நீளத் திருகு பரிகாரமன்று.

வெளிச்சுவரும் ஈரமான இடமும்

மழை படும் வெளிச்சுவர், வாகனம் கழுவும் இடம், உணவகத்தின் பாத்திரம் துலக்கும் பகுதி ஆகியவற்றுக்கு ஐ.பி.55 போன்ற குறியீடுடைய மூடிய பெட்டி வேண்டும். முதல் எண் தூசிக்கும் இரண்டாம் எண் நீருக்கும் எதிரான காப்பைக் குறிக்கும். இரண்டாவது 5 என்பது குழாயிலிருந்து பீய்ச்சும் நீரையும் தாங்கும் என்று பொருள்படும். குழாய் பெட்டியின் அடிப்புறத்திலிருந்து நுழைய வேண்டும். மேலிருந்து நுழைந்தால் மழைநீருக்குத் தானே வழிகாட்டியதாகும். சென்னை, மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம் போன்ற கடலோர நகரங்களில் உப்புக்காற்று இரும்பை அரித்துவிடுவதால், வெளிப்புறத்துக்குப் பாலிகார்பனேட் பெட்டி நீடித்து உழைக்கும்.

இரும்பா, பிளாஸ்டிக்கா?

இரும்புப் பெட்டி உறுதியானது, எரியாதது. ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். எர்த் இணைக்காத இரும்புப் பெட்டி, காவலனாக வந்து கள்வனாவதற்கு ஒப்பாகும். பிளாஸ்டிக் பெட்டி துருப்பிடிக்காது. அதற்கு எர்த் தேவையில்லை. ஆனால் அதில் பொருத்தும் சாக்கெட்டின் எர்த் முனைக்குக் கம்பி கட்டாயம் வர வேண்டும். 'பிளாஸ்டிக் பெட்டிதானே' என்று அதனை விட்டுவிடக் கூடாது. எவ்வகையாயினும் ஐ.எஸ். 14772 என்ற தர எண் பெட்டியில் உள்ளதா என்று பாருங்கள். தொலைபேசி, கணினி வலையமைப்புக் கம்பிகளுக்குத் தனிப் பெட்டி அமைய வேண்டும். மின்கம்பியோடு ஒரே பெட்டியில் அவை சேரலாகாது.

ஒரு பயிற்சி

வாடகைக் கட்டடத்தின் முதல் மாடியில் இரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்று தொடங்குவதாகக் கொள்வோம். வெளிச்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல். நடுவில் இரண்டு கான்கிரீட் தூண்கள். வரவேற்பறைக்கும் ஆய்வறைக்கும் இடையே ஜிப்சம் தடுப்பு. மாதிரிகளைக் கழுவும் தொட்டியின் பின்னால் டைல் ஒட்டிய சுவர்.

ஆய்வுக்கருவிகளும் குளிர்பெட்டியும் எங்கே நிற்க வேண்டும்? செங்கல் சுவரையொட்டியே. ஏனெனில் பளுவான 16 ஆம்பியர் சாக்கெட்டுகளுக்கு உறுதியான இருப்பிடம் அதுதான். தூணில் சாக்கெட் வேண்டுமாயின் மேற்பரப்புப் பெட்டி. ஜிப்சம் தடுப்பில் கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் உரிய 6 ஆம்பியர் சாக்கெட்டுகள் மட்டும். அவையும் குறுக்குப் பட்டையில் தாங்கப்பட்டவை. தொட்டிக்கு அருகில், தெறிப்பு எட்டாத தொலைவில், டைலின் மட்டத்துக்கு வாய் வரும்படி பதித்த, மூடியுள்ள பெட்டி. அந்தச் சுற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பாதுகாப்பு. இவ்வாறு சுவரின் இயல்பை முதலில் பார்த்து, அதன்பின் மேசையின் இடத்தைத் தீர்மானித்தால், செலவும் குறையும், இடரும் குறையும்.

மதிப்பீட்டில் கேட்க வேண்டியவை

மின் ஒப்பந்ததாரர் மாநில அரசின் உரிமம் பெற்றவரா? 'பாயிண்ட்' விலைக்குள் எந்த வகைப் பெட்டி, எந்தத் தரம் என்று எழுதப்பட்டுள்ளதா? ஒவ்வொரு சுவருக்கும் தனித்தனியே பெட்டி வகை குறிக்கப்பட்டுள்ளதா? வாடகை இடமாயின், காடி வெட்ட உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் உள்ளதா? வேலை முடிந்ததும் எர்த் தொடர்ச்சி, காப்புத்தடை ஆகிய சோதனைகளின் முடிவுகள் எழுத்தில் தரப்படுமா? இந்த ஐந்து வினாக்களுக்கும் விடை பெற்ற பின் கையொப்பமிடுங்கள்.

இறுதியாக, செலவில்லாத ஒரு வேலை. பூச்சு ஏறும் முன், அல்லது போர்டு அடைக்கும் முன், ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவோடு சேர்த்துப் புகைப்படம் எடுத்து வையுங்கள். குழாய் எங்கே செல்கிறது, பெட்டி எதில் நிற்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. நாளை ஒரு பெயர்ப்பலகையை மாட்ட ஆணி அடிக்கும்போதும், நெருப்போ பழுதோ நேர்ந்து காப்பீட்டு ஆய்வாளர் வினவும்போதும் அப்படங்கள் கைகொடுக்கும். கடன் ஆவணங்களை வைத்திருக்கும் அதே கோப்பில் அவற்றுக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள்.